போன் லைட் போதுமா, தனி டார்ச் வேண்டுமா? சிங்கப்பூர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

2018 செப்டம்பர் 18, விடியற்காலை 1 மணி 18 நிமிடம். சுவா சூ காங் வீட்டில் நான் விழித்துக்கொண்டதற்குக் காரணம் எந்தச் சத்தமும் இல்லை, மின்விசிறிச் சத்தம் நின்றதுதான். சன்னல் வழியே பார்த்தால் எதிர் புளோக்கும் இருட்டு, கீழே கார் நிறுத்துமிடமும் இருட்டு. தீவின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் போயிருந்தது. 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் தடை ஏற்பட்டது என்று பிறகு தெரிந்தது. 38 நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஒரே விளக்கு என் போன். அதில் 11 விழுக்காடு சார்ஜ். அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப் போகிறேன், அதே போனில் ஈசூனிலிருந்து அக்கா கூப்பிடுகிறார். போனைக் காதில் வைத்தால் வெளிச்சம் சுவரில் அடிக்கிறது. தரையை நோக்கிப் பிடித்தால் பேச முடியவில்லை. குளியலறை வாசலில் இருக்கும் சிறு மேட்டில் அம்மாவுக்குக் கால் தடுக்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. ஆனால் அந்த ஒரு பொருளிடம் இரண்டு வேலை கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து விரல் நீள டார்ச் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. கட்டட மின்பராமரிப்பு என் தொழில் என்பதால் நாள் முழுவதும் அதற்கு வேலை உண்டு. ஆனால் இந்த வழிகாட்டி தொழில்காரர்களுக்காக எழுதியது இல்லை, வீட்டுக்காரர்களுக்காக எழுதியது.

முதல் படி: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வாரத்தில் எங்கெல்லாம் போன் லைட்டைப் போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். சாவித் துவாரம், கார் இருக்கைக்கு அடியில் விழுந்த காசு, திரையரங்கில் இருக்கை எண். பட்டியல் இவ்வளவுதான் என்றால் போனே போதும், தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் தொடர்ந்து படியுங்கள்: வீட்டில் வயதானவர் இருக்கிறார், இரவில் எழுந்து நடக்கிறார். நடைக்கூடத்திலோ சன்னல் ஓரத்திலோ தொட்டிச் செடி வளர்க்கிறீர்கள். பாம் ஷெல்டரை, அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையை, சாமான் அறையாக வைத்திருக்கிறீர்கள். இருட்டும்வரை நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ போகிறீர்கள். டிபி பாக்ஸ் (வீட்டின் மின்சுவிட்சுப் பெட்டி) டிரிப் ஆகி மின்சாரம் நின்றால் வீட்டில் நீங்கள்தான் போய்ப் பார்ப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போய் வயல்காட்டுப் பாதையில் நடப்பீர்கள்.

இரண்டாம் படி: போனைச் சோதித்துப் பாருங்கள்

போன் லைட்டைக் குறை சொல்லும் பலர் அதன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பார்கள். அது முழு உண்மை இல்லை. ஒரு டிரிபிள் ஏ பேட்டரியில் சுமார் 1 வாட்-மணி சக்திதான் இருக்கிறது. சாதாரண போனில் 15 வாட்-மணியும் அதற்கு மேலும் இருக்கும். முழு சார்ஜ் இருந்தால் போன் பல மணி நேரம் எரியும். ஆனால் அந்தச் சக்தியை நம்பி ஏற்கெனவே பல வேலைகள் காத்திருக்கின்றன: குடும்பத்தோடு பேச வேண்டும், ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறக்க வேண்டும். சார்ஜ் குறைந்தால் லைட்டை எரிய விடாத போன்களும் உண்டு. கேமராவைத் திறந்தால் லைட் அணைந்துவிடும் போன்களும் உண்டு.

இன்னொரு குறை ஒளியின் வடிவம். போனில் இருக்கும் எல்இடி கேமராவுக்காக வைத்தது. அருகில் இருப்பவற்றின்மேல் பரவலாக ஒளி விழுந்தால் அதற்குப் போதும், தூரத்துக்குக் குவித்து அனுப்பும் அமைப்பு கிடையாது. பெரும்பாலான போன்கள் 50 லூமனுக்கு (லூமன் என்பது ஒளியின் அளவு) பக்கத்தில் நின்றுவிடும். நான்கைந்து எட்டு வைத்தால் அந்த ஒளி கரைந்துபோகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இதை மட்டும் தவறாமல் செய்து பாருங்கள். தோட்டின் திருகாணி ஒன்றைக் கூடத் தரையில் எங்கேயாவது போட்டுவிட்டு விளக்குகளை அணையுங்கள். முதலில் போனை இடுப்பு உயரத்தில் பிடித்துத் தேடுங்கள். ஓட்டுத் தரை முழுவதும் வெளிறித் தெரியும், திருகாணி மட்டும் தெரியாது. மேலிருந்து விழும் ஒளியில் சிறு பொருளுக்கு நிழல் விழுவதில்லை. இப்போது ஒரு சின்ன டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கடுகளவு பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். அரிசி மணி, முடி, போன வாரம் தொலைந்த பொத்தான் எல்லாம் தெரியும். திருகாணி அதன் நிழலாலேயே காட்டிக்கொடுத்துவிடும். போனையும் தரையில் சாய்த்து வைத்து இதைச் செய்யலாம், ஓரளவு பலிக்கும். ஆனால் லைட் பின்புறம் இருப்பதால் தரைக்கு ஒட்டிப் பிடிக்க வராது, கண்ணாடி கீறும், திருப்பவும் வசப்படாது. என் அக்கா இதைப் பார்த்த அன்றே தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் படி: பெட்டியில் இருக்கும் எண்களைப் படிப்பது

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பது. விளம்பரம் லூமனைத்தான் பெரிதாகப் போடும். நீங்கள் இரண்டையும் பாருங்கள்.

ஒளி போகும் தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 400 கேண்டெலா என்றால் 40 மீட்டர், 2,500 என்றால் 100 மீட்டர். ஆனால் அந்தக் கடைசி மீட்டரில் விழும் ஒளி 0.25 லக்ஸ்தான், ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், நாயா பன்றியா என்று தெரியாது. அதனால் பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை நம்புங்கள், மிஞ்சினால் பாதி.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல நிறுவனங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தரவிதிப்படி, போட்டு 30 விநாடிக்குப் பிறகு முதல் அளவை எடுக்கிறார்கள். ஒளி அதில் பத்து விழுக்காட்டுக்கு விழும்வரை எரியும் நேரமாகக் கணக்கிடுகிறார்கள். ஆக, 1,000 லூமன், 2 மணி நேரம் என்று போட்டிருந்தால் இரண்டு மணி நேரமும் 1,000 லூமன் வரும் என்று பொருள் இல்லை. விரல் அளவு உலோகக் குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது. ஓரிரு நிமிடத்தில் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் குறையும்.

அப்படியானால் எத்தனை லூமன் வேண்டும்? இரவில் எழுந்து கழிவறைக்குப் போக 1 முதல் 5. வீட்டு வேலைகளுக்கு 30 முதல் 100. விளக்கில்லாத பாதையில் நடக்க 200, 300. பைக்குள் வைக்கும் டார்ச்சுக்கு அதற்கு மேல் தேவையில்லை. நான் வாங்கும்போது அதிகபட்சத்தைவிடக் குறைந்தபட்சத்தைத்தான் முதலில் கேட்பேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நள்ளிரவில் ஒரு நொடி பளிச்சென்று அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும், அணைத்ததும் கொஞ்ச நேரம் குருடுதான். வயதானவர்கள் அந்த நேரத்தில் தடுமாறலாம்.

தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் எண் பாருங்கள். 4 என்றால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். நவம்பர், டிசம்பர் மழையை நினைத்து 7 வாங்குங்கள்.

நான்காம் படி: எந்த பேட்டரி

மூன்று வழி இருக்கிறது.

டபுள் ஏ அல்லது டிரிபிள் ஏ போடும் டார்ச். வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். தீர்ந்தால் கீழே இருக்கும் கடையில் நள்ளிரவிலும் பேட்டரி கிடைக்கும். தினமும் பயன்படுத்துபவர்கள் நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரி போடுங்கள். அதன் அழுத்தம் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட், பெரும்பாலான எல்இடி டார்ச்சுகளுக்கு அது போதும்.

யுஎஸ்பி-சி வழியே நேராகச் சார்ஜ் ஏறும் டார்ச். சுகமானது, போன் சார்ஜரே போதும். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாத வகை என்றால், அது மூப்படையும்போது டார்ச்சும் போய்விடும்.

18650 போன்ற லித்தியம் பேட்டரி போடும் டார்ச். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், நிறையச் சக்தி. என் போன்ற வேலைக்காரர்களுக்குச் சரி, சட்டைப் பைக்குக் கனம்.

ஒரு எச்சரிக்கை. டபுள் ஏ அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச் இரண்டையும் ஏற்கும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் தவிர அதைப் போடாதீர்கள். சுவர்க் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போடவே கூடாது.

ஊருக்குப் பறப்பவர்களுக்கு: தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றின் முனையையும் மூடி வையுங்கள்.

ஐந்தாம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

முஸ்தபாவிலும் வன்பொருள் கடைகளிலும் டெக்கத்லானிலும் கிடைக்கும். தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்துக்கு மேலே இருக்கும் ஆர்மி மார்க்கெட்டில் வாங்குவார்கள். அங்கே கேட்டால் கடைக்காரர்களே விளக்கிச் சொல்வார்கள். இணையத்தில் மலிவு உண்டு, ஆனால் முதல் டார்ச்சைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

சுவிட்சைப் பாருங்கள். பின்முனையில் இருந்தால் இருட்டில் தடவியே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் இருந்தால் கட்டைவிரலுக்கு இதம், ஆனால் தேட வேண்டும். வயதானவர்களுக்குத் திருகிப் போடும் வகை வேண்டாம், மூட்டுவலிக்காரர் விரலுக்கு அது தண்டனை. ஒரு பொத்தான், ஒரு அழுத்தல், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டுமுறை அழுத்தினால் மின்னும், பிடித்தால் வேறு ஏதோ ஆகும் என்பதெல்லாம் நடு இரவில் குழப்பும்.

முதல் அழுத்தலில் குறைந்த ஒளி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறு மாதிரியைக் கேளுங்கள்.

பின்முனையில் காந்தம் இருந்தால் மிகவும் நல்லது. பாம் ஷெல்டரின் கதவு எஃகு. உள்ளே போகும்போது கதவில் டார்ச்சை ஒட்டி வைத்தால் இரண்டு கையும் உங்களுக்கு. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்த டார்ச்சைச் சட்டையின் மார்புப் பையில் வைக்கக் கூடாது.

ஒளியின் நிறத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிது. மலிவு டார்ச்சுகளின் நீலம் கலந்த வெள்ளையில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் 2009-ல் மின்கம்பி நிறங்கள் மாறின. பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும், புதியவற்றில் பழுப்பும் நீலமும். இரண்டும் கலந்த வீடுகளில் தவறான ஒளியில் வேலை செய்வது ஆபத்து. வீட்டில் நீங்கள் கம்பியைத் தொடப்போவதில்லை, தொடவும் கூடாது, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் மாத்திரைப் பட்டையின் நிறம், குழந்தையின் தோலில் வந்த தடிப்பு, மீன் செவுளின் சிவப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டும் எண் சிஆர்ஐ. அது 90 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஒளி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கடையில் உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை உயிரோடு தெரிந்தால் நல்ல டார்ச், சவமாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே வைப்பது

எடுக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால் கை தானாகப் போனைத்தான் தேடும். சட்டை, கால்சட்டை போடுபவர்கள் கிளிப்பைப் பை விளிம்பில் மாட்டுங்கள். புடைவை, சுடிதார் என்றால் கைப்பையின் உட்பக்கச் சிறு பையில், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் மிகச் சிறிய வகையும் வரும், கனமே தெரியாது.

பைக்குள் தானாக எரிந்துவிடாமல் பூட்டி வையுங்கள். சக்தி வாய்ந்த டார்ச் துணிக்குள் எரிந்தால் துணி கருகும், தொடையும் சுடும். பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் இணைப்பு விட்டுவிடும். தளர்த்திய பிறகு பொத்தானை அழுத்திப் பாருங்கள், எரியாமல் இருந்தால் பூட்டு வேலை செய்கிறது.

கூடவே வீட்டுக்கு இன்னொன்று வேண்டும். குடிமைத் தற்காப்புப் படை பரிந்துரைக்கும் அவசரகாலப் பையில் டார்ச்சும் பேட்டரியும் இருக்கின்றன. அந்த டார்ச்சில் பேட்டரியைப் போட்டு வைக்காதீர்கள், பக்கத்தில் தனியாக வையுங்கள். அம்மாவுடையது கட்டில் தலைமாட்டில் கயிற்றில் தொங்குகிறது. கை நீட்டினால் எட்டும்.

ஏழாம் படி: பயன்படுத்தும் விதம்

டெங்கிச் சோதனை. வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் நடக்கும் வேலை இது. 20 காசு அளவு தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம். தொட்டித் தட்டு, ஏர்கான் தண்ணீர்த் தட்டு, குளியலறை வடிகால் ஆகியவற்றில் ஒளியை நேர்மேலிருந்து அடிக்காதீர்கள். தண்ணீர் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே விடும். பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். புழு இருந்தால் நூல் துண்டுபோல் நெளிந்து அடிக்கு இறங்கும், அரை நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்காக மறுபடி மேலே வரும். பழைய புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணிக்கழி செருகும் குழாய்கள் இருக்கும். அவற்றிலும் மழைநீர் நிற்கும். அங்கே போனை நீட்டவே நீட்டாதீர்கள். 11-ஆம் மாடியிலிருந்து கை நழுவினால் கீழே போகிறவர் தலைக்கு ஆபத்து. டார்ச்சையும் மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொண்டு, சன்னலுக்கு உள்ளிருந்தே அடியுங்கள்.

இருட்டில் நடப்பது. 2011-ல் ரயில் நின்ற பிறகு நடைபாதையாக மாறிய 24 கிலோமீட்டர் ரயில் பாதையில் பல இடங்களில் விளக்கு கிடையாது. புலாவ் உபின் தீவில் பொழுது சாய்ந்தால் சொல்லவே வேண்டாம். குறைந்த ஒளியில் நடங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் கூட்டுங்கள். கால் பதிக்கும் இடத்துக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் ஒளி விழட்டும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் வேர், கல் எல்லாவற்றுக்கும் நிழல் விழும், தடுக்காது. மலைப்பாம்போ காட்டுப்பன்றியோ தெரிந்தால் கண்ணில் அடிக்காமல் ஒளியைத் தரைக்கு இறக்கிப் பின்னால் நகருங்கள். எதிரே வருபவர் முகத்தில் அடிப்பதும் கூடாது.

சைக்கிளுக்குக் கைடார்ச் ஈடாகாது. இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

டிபி பாக்ஸ். டார்ச்சை வாயில் கவ்வாதீர்கள், காந்தத்தால் ஒட்டுங்கள், இல்லையேல் இன்னொருவர் பிடிக்கட்டும். கை உலர்ந்திருக்கட்டும். எல்லாச் சுவிட்சையும் இறக்கிவிட்டு, முதன்மைச் சுவிட்சை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பகுதியில்தான் கோளாறு. அதை இறக்கியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மின்தடை. டார்ச்சைத் தரையில் நிறுத்தி வெள்ளைக் கூரையை நோக்கி அடித்தால் அறை முழுவதும் மென்மையான வெளிச்சம் பரவும். போனில் லைட்டை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, அழைப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பராமரிப்பு

இந்த ஊர் ஈரப்பதத்தில் அல்கலைன் பேட்டரியை டார்ச்சுக்குள் மாதக்கணக்கில் மறந்தால் கசியும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அது காரம். கையுறை போட்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். அவசரப் பைக்கு 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி வாங்கினால் விலை கூட, ஆனால் கசிவது அரிது, பத்து வருடத்துக்கு மேல் தாங்கும். லித்தியம் எதுவானாலும் வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள்.

பின்மூடியின் மரைக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். வருடம் இருமுறை துடைத்துவிட்டு ஒரு சொட்டு சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அப்புறம் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

சோதனைக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாதம் முதல் தேதி எல்லா டார்ச்சையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம், பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தன்று அவசரப் பையை முழுதாகக் கொட்டிச் சரிபார்ப்போம். தீர்ந்த பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டி, கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை மட்டும் அந்தப் பெட்டியில் போட வேண்டாம். சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, அதை எங்கே கொடுப்பது என்று மின்கழிவு சேகரிப்பாளரிடம் கேளுங்கள்.